நட்ட கன்றும் வார்த்த நீரும்: ஸல்மான் (ரலி) அவர்களின் 300 பேரீச்ச மரங்கள்

 

மரம் நடுவதன் சிறப்பைக் கூறும் நபிமொழிகள் நம் சமுதாயத்தில் நன்கு அறியப்பட்டவை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்னும் கருத்தை அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்துள்ளார்கள். கியாமத் நெருங்கி வரும் வேளையிலும் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருக்குமானால், இயன்றால் அதை நட்டுவிடட்டும் என்னும் கருத்துடைய ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் உள்ளது. இவ்விரண்டும் ஜும்ஆ மேடைகளிலும் மத்ரஸா வகுப்புகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றன.

இவற்றைக் கேட்ட ஆர்வத்தில் மழைக்காலத்தில் பள்ளிவாசல் வளாகத்திலும் மத்ரஸா முற்றத்திலும் வீட்டு வாசலிலும் கன்றுகளை நடுகிறோம். கோடை பிறக்கும்போது அவற்றில் பல காய்ந்த குச்சிகளாக நிற்கின்றன. நல்ல நிய்யத்துக்குரிய கூலியை அல்லாஹ் வீணாக்குவதில்லை என்பது நம் நம்பிக்கை. ஆயினும் முதலாவது ஹதீஸை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே ஸதகா என்பது உண்ணப்படும் கனியோடு இணைத்துப் பேசப்படுகிறது. கனி வரவேண்டுமானால் கன்று பிழைக்க வேண்டும். கன்று பிழைக்க வேண்டுமானால் ஒருவர் நாள்தோறும் அதற்கு நீர் வார்க்க வேண்டும்.

கன்று நடும் நாளுக்கும் கனி பறிக்கும் நாளுக்கும் இடையே உள்ள அந்த நீண்ட காலத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம். பாலை சூழ்ந்த மதீனாவில் அந்தக் காலத்தை நம் முன்னோர்கள் எவ்வாறு கடந்தார்கள், அதற்கு மார்க்கம் என்ன மதிப்பளித்தது என்பவற்றை வரலாற்றின் துணையோடு காண்போம்.

மரத்தின் உச்சியில் ஓர் அடிமை

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் பாரசீகத்தின் இஸ்ஃபஹான் பகுதியைச் சேர்ந்தவர்கள். நெருப்பை வணங்கும் மார்க்கத்தில் பிறந்து, சத்தியத்தைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஷாம், மவ்ஸில், நஸீபீன், அம்மூரிய்யா என்று ஊர் ஊராகச் சென்று கிறிஸ்தவத் துறவிகளிடம் பணி செய்தவர்கள். அம்மூரிய்யாவில் இருந்த கடைசி ஆசிரியர் தம் மரண வேளையில், இறுதி நபி தோன்றும் காலம் நெருங்கிவிட்டது என்றும், இரு கருங்கல் வெளிகளுக்கு இடையே பேரீச்ச மரங்கள் அடர்ந்த ஓர் ஊருக்கு அவர் குடிபெயர்வார் என்றும் அடையாளம் சொன்னார்.

அந்த ஊரைத் தேடி வணிகக் கூட்டத்தாருடன் புறப்பட்ட ஸல்மான் (ரலி) அவர்களை அவர்கள் வாதில் குராவில் வைத்து ஒரு யூதருக்கு அடிமையாக விற்றுவிட்டார்கள். பின்னர் பனூ குறைழா கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவர் அவரை விலைக்கு வாங்கி மதீனாவுக்கு அழைத்து வந்தார். தேடிய ஊர் கிடைத்தது. ஆனால் சுதந்திரம் கையில் இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து குபாவுக்கு வந்து சேர்ந்த செய்தி ஸல்மான் (ரலி) அவர்களின் காதில் விழுந்தபோது, அவர்கள் தம் எஜமானரின் தோட்டத்தில் ஒரு பேரீச்ச மரத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எஜமானர் கீழே அமர்ந்திருந்தார். செய்தியைக் கேட்ட நடுக்கத்தில் எஜமானர் மீதே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியதாக அவர்களே பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் விவரித்தார்கள். சில நாட்களில் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். எனினும் ஹிஜ்ரி 2-இல் நிகழ்ந்த பத்ருப் போரிலும், ஹிஜ்ரி 3-இல் நிகழ்ந்த உஹுதுப் போரிலும் அவர்களால் பங்கு கொள்ள முடியவில்லை. அடிமைத்தளை தடுத்து நிறுத்தியது.

விடுதலைக்கு விலை: உயிருள்ள மரங்கள்

அடிமை ஒருவர் தம் எஜமானருடன் ஒரு விலையைப் பேசி எழுதிக்கொண்டு, அதைச் செலுத்தி முடித்ததும் விடுதலை பெறும் ஒப்பந்தத்திற்கு ‘முகாதபா’ என்று பெயர். அத்தகைய ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். எஜமானர் கேட்ட விலை, 300 பேரீச்ச மரங்களும் 40 ஊக்கியா தங்கமும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் அறிவிப்பில், மரங்களைக் குறித்து ‘உயிர்ப்பித்துத் தருதல்’ என்னும் பொருளுடைய வினைச்சொல்லே ஆளப்படுகிறது. 300 கன்றுகளை மண்ணில் ஊன்றிவிட்டு வருவதால் ஒப்பந்தம் நிறைவேறாது. அவை வேர் பிடித்து உயிர் பெற்று நிற்க வேண்டும். இமாம் திர்மிதீ அவர்களின் ‘ஷமாயில்’ நூலில் புறைதா (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு இன்னும் தெளிவாக உள்ளது. மரங்கள் கனி தரும் வரை ஸல்மான் அவற்றில் உழைக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. காய்ந்துபோகும் ஒவ்வொரு கன்றும் ஒரு மனிதரின் விடுதலையைத் தள்ளிப்போடும் என்பதே இதன் பொருள்.

நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை நோக்கி, உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்னும் கருத்தில் அழைப்பு விடுத்தார்கள். ஒருவர் 30 கன்றுகள், மற்றொருவர் 20, வேறொருவர் 15, இன்னொருவர் 10 என அவரவர் வசதிக்கேற்பக் கொண்டுவந்தார்கள். 300 கன்றுகளும் சேர்ந்தன. ஒரு செல்வந்தர் முழு விலையையும் கொடுத்து முடித்துவிட்ட கதை அல்ல இது. சிறு சிறு பங்குகளால் ஓர் ஊரே கூடிச் செய்த உதவி.

கன்றுகள் சேர்ந்ததும், போய்க் குழிகளைத் தோண்டுவீராக, முடித்ததும் எமக்கு அறிவிப்பீராக, எம் கையாலேயே அவற்றை வைப்போம் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் தோண்டினார்கள். தோழர்களும் உடனிருந்து தோண்டினார்கள். பின்னர் நபி (ஸல்) அவர்கள் நேரில் வந்தார்கள். கன்றுகளைத் தோழர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தம் திருக்கரத்தால் குழிகளில் வைத்தார்கள். அவற்றில் ஒன்றுகூட மடியவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்கள் ஆணையிட்டுக் கூறியுள்ளார்கள். புறைதா (ரலி) அவர்களின் அறிவிப்பில், உமர் (ரலி) அவர்கள் நட்ட ஒரு கன்று மட்டும் மற்றவற்றோடு கனி தரவில்லை என்றும், அதை நபி (ஸல்) அவர்கள் பிடுங்கி மீண்டும் நட்டபோது அதுவும் அவ்வாண்டே கனி தந்தது என்றும் வருகிறது.

இது ஒரு முஃஜிஸா. அதில் ஐயமில்லை. ஆனால் முஃஜிஸாவைச் சொல்லும் வேகத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை நாம் மறந்துவிடுகிறோம். தோழர்கள் கன்றுகளைச் சேகரித்தார்கள். 300 குழிகள் மனிதக் கைகளால் தோண்டப்பட்டன. கனி வரும் வரை உழைக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் இருந்தது. அல்லாஹ்வின் தூதர் தம் கரத்தால் நடவிருந்த கன்றுகளுக்கே குழி தோண்டும் உழைப்பு விலக்கப்படவில்லை என்றால், நாம் நடும் கன்றுகளுக்கு எவ்வளவு உழைப்புத் தேவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழி, கன்று, குருத்து

பேரீச்சங்கன்று என்றால் கொட்டையிலிருந்து முளைத்த செடி என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. கொட்டையிலிருந்து முளைப்பவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாகிவிடும். பெண் மரங்களும் தாயின் சுவையைத் தருவது உறுதியில்லை. எனவே அரபுகள் பழங்காலம் தொட்டே, நம்மூர் வாழையைப் போலத் தாய்மரத்தின் அடியில் கிளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு வந்தார்கள். ‘வதிய்யா’, ‘ஃபஸீலா’ என்று ஹதீஸ்களில் வருபவை இவையே. ஒரு பேரீச்ச மரம் தன் இளமைக் காலத்தில் மட்டுமே இத்தகைய கன்றுகளை விடும். அவையும் எண்ணிக்கையில் குறைவு. ஒருவர் 30 கன்றுகளைக் கொடுத்தார் என்றால், தம் தோட்டத்தின் வருங்காலத்தில் ஒரு பகுதியையே ஈந்தார் என்று கொள்ளலாம்.

பக்கக்கன்று சில ஆண்டுகள் தாயோடு இருந்து சொந்த வேர் விட்ட பின்னரே பிரித்தெடுக்கப்படும். தாயிடமிருந்து வெட்டப்பட்ட அந்த நாள் முதல் அதற்குப் பசியும் தாகமும் தொடங்குகின்றன. ஆழச் செல்லும் ஆணிவேர் பேரீச்சைக்குக் கிடையாது. அடியிலிருந்து சல்லிவேர்களே புறப்படும். புது வேர் ஓடி மண்ணைப் பற்றும் வரை, அந்தச் சிறு குழிக்குள் உள்ள ஈரமே அதன் முழு உலகம்.

குழி தோண்டுவதில் அதனால்தான் அவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. கன்று நடுவதற்கான குழிக்கு அரபியில் ‘ஃபகீர்’ என்று ஒரு பெயர் உண்டு. ஸல்மான் (ரலி) அவர்களின் அறிவிப்பிலும் இச்சொல் வருகிறது. ஏழை என்னும் பொருளில் நாம் அறிந்த அதே எழுத்துகளைக் கொண்ட சொல் இது. குழி ஆழம் குறைந்தால் வேர் வெயிலில் வெந்துவிடும். கன்றை மிக ஆழமாகப் புதைத்தாலோ நீர் ஏறிக் குருத்தில் தங்கி அழுகிவிடும். குருத்து அழுகினால் பேரீச்சைக்கு மறுபிறப்பு இல்லை. மற்ற மரங்களைப் போலப் பக்கவாட்டில் துளிர்த்து அது தப்பிக்காது. எனவே நீர் அடியில் நிற்க வேண்டும், குருத்தைத் தொடக் கூடாது.

மதீனாவில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டும். இத்தகைய நிலத்தில் புதிய கன்றின் ஓலைகளைக் குறைத்து, எஞ்சியவற்றைச் சேர்த்துக் கட்டி, காய்ந்த ஓலையாலோ சாக்காலோ மூடி வைப்பது பேரீச்சை வளர்ப்போரின் வழக்கம். அனல் காற்று குருத்தை வாட்டாமல் இருக்க இது உதவும். அடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, நட்ட உடனே நீர் விட வேண்டும். மணற்பாங்கான நிலமாயின் முதற் கோடை முழுவதும் ஏறத்தாழ நாள்தோறும் நீர் தேவைப்படும். களிமண் நிலமாயின் இடைவெளி விடலாம். ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுவது மணலில் பயன் தராது. மணல் நீரை வைத்துக்கொள்ளாது.

மூடிய ஓலைகளின் நடுவிலிருந்து ஒரு புதிய குருத்தோலை வெளிவருவதே கன்று பிழைத்தது என்பதற்கான முதல் அடையாளம். அதன் பிறகும் முதல் கனிக்கு வழக்கமாகச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த வழக்கத்தை அறிந்தால்தான், ஸல்மான் (ரலி) அவர்களின் கன்றுகள் அவ்வாண்டே கனி தந்ததாக வரும் செய்தி மதீனத்து விவசாயிகளை எவ்வளவு வியப்பில் ஆழ்த்தியிருக்கும் என்பது புரியும்.

நீர் இறைத்த கைகள்

மதீனாவின் தோட்டங்களுக்கு நீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்து வந்தது. ஒட்டகங்களைக் கொண்டு இறைத்தார்கள். நம் நாட்டில் கமலை ஏற்றத்தில் எருதுகள் சாலை இழுத்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் விளங்கும். நீர் இறைக்கும் ஒட்டகத்திற்கு ‘நாளிஹ்’ என்று பெயர். ஹதீஸ் நூல்களில் இச்சொல் பல இடங்களில் வருவதிலிருந்தே, அந்த ஊரின் அன்றாட வாழ்வில் நீர் இறைப்பு எவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றிருந்தது என்பதை உணரலாம்.

முஹாஜிர்கள் மக்காவிலிருந்து வந்தவர்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துஆவில் விளைச்சலற்ற பள்ளத்தாக்கு என்று குறிப்பிட்ட ஊர் அது. அவர்களுக்குத் தோட்டவேலை புதிது. அன்ஸார்கள் தம் பேரீச்சந்தோட்டங்களை முஹாஜிர்களுக்குப் பாதியாகப் பங்கிட்டுத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். பெருமானார் அதை ஏற்கவில்லை. பின்னர், முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைக்கட்டும், கனியில் இருவரும் பங்கு கொள்வோம் என்று அன்ஸார்கள் சொன்னபோது அனைவரும் அதற்கு இசைந்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தானமாக வந்த மரத்தைவிட உழைத்து வளர்த்த மரத்தின் கனியே அந்தப் புது உறவுக்கு அடித்தளமாயிற்று.

இவ்வுழைப்பில் பெண்களுக்கும் பங்கு இருந்தது. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் இல்லத்தில் தாமே நீர் இறைத்தார்கள். ஒட்டகத்திற்கும் குதிரைக்கும் தீவனம் தேவைப்பட்டது. ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். பின்னாளில் அவர்களின் தந்தை ஒரு பணியாளரை அனுப்பி அவ்வேலையில் ஒரு பகுதியைக் குறைத்தபோது, தம்மை விடுதலை செய்ததைப் போல உணர்ந்ததாக அஸ்மா (ரலி) அவர்கள் கூறினார்கள். அன்றாடப் பராமரிப்பின் பாரம் எத்தகையது என்பதை இவ்வொரு சொல்லே காட்டுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. நீர் இறைக்கும் இரண்டு ஒட்டகங்களுடன் ஓர் அன்ஸாரி, இருட்டிய வேளையில் பள்ளிவாசலுக்கு வந்தார். முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள் தொழுகை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒட்டகத்தை விட்டுவிட்டு அவரும் ஜமாஅத்தில் சேர்ந்தார். முஆத் (ரலி) அவர்கள் நீண்ட சூரா ஒன்றை ஓதத் தொடங்கவே, அவர் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுச் சென்றார். அவரைக் குறித்துக் கடுமையாகப் பேசப்பட்டதால் அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பகலெல்லாம் ஒட்டகம் ஓட்டி நீர் இறைப்பவர்கள் நாங்கள் என்பது அவரது நியாயம். பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தது முஆத் (ரலி) அவர்களையே. மக்களைச் சோதனைக்குள்ளாக்க வேண்டாம் என்றும், சிறிய சூராக்களை ஓதுமாறும், பின்னால் முதியவரும் பலவீனரும் தேவையுடையவரும் தொழுகிறார்கள் என்றும் உணர்த்தினார்கள்.

மரத்துக்கு நீர் வார்த்துக் களைத்தவரின் களைப்பு, இமாமின் கிராஅத்தின் நீளத்தையே அளவுபடுத்தியது. மத்ரஸாவில் தொழுகைச் சட்டமாக இந்த ஹதீஸை நடத்தும் நாம், அதற்குள் நிற்கும் அந்த நீர் இறைப்பாளரையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.

சட்டம் தந்த மதிப்பு

நீர் வார்ப்பதற்கு மார்க்கம் தந்த மதிப்பு ஃபிக்ஹுச் சட்டங்களிலும் பதிந்துள்ளது. நான்கு இடங்களை மட்டும் சுட்டுகிறோம்.

முதலாவது ஸகாத். மழையாலோ ஊற்றாலோ தானே நீர் பெற்று விளைந்தவற்றில் 10-இல் ஒரு பங்கு ஸகாத். ஒட்டகத்தால் இறைத்து நீர் பாய்ச்சியவற்றில் 20-இல் ஒரு பங்கு மட்டுமே. இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் வரும் சட்டம் இது. அதே நிலம், அதே பழம். ஆயினும் இறைத்த உழைப்புக்காகக் கடமை பாதியாகக் குறைகிறது. ஆண்டில் சரிபாதி மழையாலும் சரிபாதி இறைப்பாலும் விளைந்தால் ஏழரை விழுக்காடு என்று ஃபுகஹாக்கள் கணக்கிட்டார்கள்.

இரண்டாவது ‘முஸாகாத்’. தோட்டம் ஒருவருடையது, பராமரிப்பு மற்றொருவருடையது, கனியில் இருவருக்கும் பங்கு என்னும் ஒப்பந்தம் இது. நீர் புகட்டுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்தே இதன் பெயர் வந்தது. தோட்டத்தில் செய்யும் வேலைகள் பல இருந்தும், ஒப்பந்தம் முழுமைக்கும் நீரின் பெயரே நிலைத்தது. ஹிஜ்ரி 7-இல் கைபர் வெற்றிக்குப் பின் அங்குள்ள யூதர்களுடன் நபி (ஸல்) அவர்கள் விளைச்சலில் பாதி என்று செய்துகொண்ட உடன்பாடு இதற்குச் சான்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் பிந்தைய கருத்தில் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் இதை அனுமதித்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் அனுமதித்தார்கள்.

மூன்றாவது தரிசு நிலச் சட்டம். யாருக்கும் உரிமையில்லாத இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அது உரியது. ‘உயிர்ப்பித்தல்’ என்னும் அதே வேர்ச்சொல் இங்கும் வருவதைக் காண்க. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், நிலத்தைச் சுற்றிக் கல் நட்டு வளைத்துவிட்டுப் பயிரிடாமல் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் உரிமை இல்லை என்று வரையறுத்தார்கள். அகீக் பள்ளத்தாக்கில் நபி (ஸல்) அவர்களே வழங்கிய நிலத்தை வைத்திருந்த பிலால் பின் அல்ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களிடம், தம்மால் பராமரிக்க முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருமாறு உமர் (ரலி) அவர்கள் கேட்டு வாங்கி, மக்களுக்குப் பங்கிட்டார்கள். வேலி உரிமை தரவில்லை. பராமரிப்பே உரிமை தந்தது.

நான்காவது நீர்ப் பங்கீடு. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் ஆகிய ஓடைகளில் மழைவெள்ளம் வரும்போது, மேலே உள்ள தோட்டக்காரர் கணுக்கால் அளவு வரை நீரைத் தேக்கிக்கொண்டு, பின் கீழே உள்ளவருக்கு மடையைத் திறந்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் இது பதிவாகியுள்ளது. என் கன்று பிழைக்க வேண்டும் என்னும் அக்கறை, அண்டை வீட்டாரின் கன்றைக் காய வைக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

பொறுமையாகக் காத்தவர்

யமனில் தைனபாத் என்னும் ஊரில் ஃபன்னஜ் என்றொரு பாரசீகர் தோட்டவேலை செய்துவந்தார். யஅலா பின் உமய்யா (ரலி) அவர்கள் யமனுக்கு ஆளுநராக வந்தபோது அவர்களுடன் சில நபித்தோழர்களும் வந்தார்கள். ஃபன்னஜ் வயலில் நீர் திருப்பிக்கொண்டிருக்க, அத்தோழர்களில் ஒருவர் வாய்க்காலின் கரையில் வந்து அமர்ந்து, தம் சட்டைக் கையில் வைத்திருந்த வாதுமைக் கொட்டைகளை உடைத்து உண்டார். பிறகு ஃபன்னஜை அழைத்து, இந்த நீரின் அருகில் இக்கொட்டைகளில் சிலவற்றை நட்டால் நீர் பொறுப்பேற்பீரா என்று கேட்டார். அதனால் எனக்கு என்ன பயன் என்றார் ஃபன்னஜ். அப்போது அத்தோழர், மரம் ஒன்றை நட்டு, அது கனி தரும் வரை அதைக் காப்பதிலும் பேணுவதிலும் பொறுமை காத்தவருக்கு, அதன் கனியிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொன்றும் அல்லாஹ்விடம் ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகச் சொன்னார். ஃபன்னஜ் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

முஸ்னத் அஹ்மதில் வரும் இவ்வறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் புகாரி, முஸ்லிமில் உள்ள ஆதாரப்பூர்வமான ஹதீஸின் கருத்துக்கு இது விளக்கம் போல அமைந்துள்ளது. நடுதல், காத்தல், பேணுதல், கனி தரும் வரை பொறுத்தல் ஆகிய நான்கும் இதில் ஒரே தொடராக வருகின்றன.

ஸல்மான் (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரத்துவம் ஏற்படுத்திய தோழர் அபுத்தர்தா (ரலி). அவர்கள் பிற்காலத்தில் திமிஷ்கில் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது, நபித்தோழரான தாங்களா இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று வழிப்போக்கர் ஒருவர் வியந்தார். அவசரப்பட வேண்டாம் என்று அவரை நிறுத்தி, நட்டதிலிருந்து மனிதனோ வேறு படைப்போ உண்டால் அது ஸதகாவாகும் என்னும் நபிமொழியையே அபுத்தர்தா (ரலி) அவர்கள் பதிலாகத் தந்தார்கள்.

விடுதலையும் அகழும்

ஸல்மான் (ரலி) அவர்களின் கன்றுகள் பிழைத்தன. தங்கம் மட்டும் எஞ்சியிருந்தது. ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து முட்டை அளவுள்ள தங்கக் கட்டி ஒன்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அதை ஸல்மான் (ரலி) அவர்களுக்கே கொடுத்தார்கள். அதிலிருந்து 40 ஊக்கியாவையும் நிறுத்துக் கொடுத்து அவர்கள் விடுதலை பெற்றார்கள். சுதந்திர மனிதராக அவர்கள் கலந்துகொண்ட முதல் போர், ஹிஜ்ரி 5-இல் நிகழ்ந்த அகழ்ப்போர். ஊரின் மற்றப் பக்கங்களை அடர்ந்த பேரீச்சந்தோப்புகளும் கருங்கல் வெளிகளும் வீடுகளும் காத்தன. திறந்து கிடந்த வடபகுதியில் அகழ் தோண்டலாம் என்னும் யோசனையைச் சொன்னவர்களும் ஸல்மான் (ரலி) அவர்களே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நீர் வார்த்து வளர்க்கப்பட்ட மரங்கள் அன்று மதீனாவுக்கு மதிலாக நின்றன.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாறு நம் வீடுகளுக்குச் சொல்லும் செய்தி எளிமையானது. அடுத்த முறை பள்ளிவாசலிலோ மத்ரஸாவிலோ கன்று நடத் தீர்மானித்தால், எத்தனை கன்றுகள் என்று கேட்பதற்கு முன் எத்தனை பேர் நீர் ஊற்றுவார்கள் என்று கேட்போம். 50 கன்றுகளை நட்டு ஐந்தைக் காப்பதைவிட, பத்தை நட்டுப் பத்தையும் காப்பது மேல். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடும்பத்தையோ ஒரு மாணவரையோ பெயர் சொல்லிப் பொறுப்பாக்கலாம். விடுமுறை நாட்களில் யார் ஊற்றுவார் என்பதையும் அப்போதே பேசி முடிக்கலாம். மாணவர்கள் ஊருக்குச் செல்லும் ஷஃபான், ரமளான் விடுமுறை கோடையில் வரும் ஆண்டுகளில் இது மிக முக்கியம்.

உளூச் செய்யும் நீர் வீணாகச் சாக்கடையில் கலக்காமல் மரத்தடிக்குச் செல்லுமாறு வாய்க்கால் அமைப்பது பல பள்ளிவாசல்களில் இயலக்கூடியதே. சோப்பு கலக்காத அந்நீர் கன்றுகளுக்குத் தீங்கு செய்யாது. வெயில் ஏறும் முன் அல்லது அஸருக்குப் பின் ஊற்றுதல், அடியில் சருகு பரப்பி ஈரம் காத்தல், ஆடு மாடு மேயாமல் வேலி அமைத்தல் ஆகியவை செலவில்லாத வேலைகள். பிள்ளைகளை இவற்றில் ஈடுபடுத்தினால், ஸதகா என்பது பணம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அவர்கள் ஒரு செம்பு நீரால் கற்றுக்கொள்வார்கள்.

நீர் வார்ப்பது நம் கடமை. முளைக்கச் செய்பவன் அல்லாஹ் ஒருவனே. சூரா அல்வாகிஆவில் அவன் நம்மிடம் கேட்கும் கேள்வியும் அதையே நினைவூட்டுகிறது. ஆயினும் வார்க்க வேண்டிய நீரை வார்க்காமல், முளைக்கச் செய்பவன் அவன்தானே என்று இருந்துவிடுவது தவக்குல் ஆகாது. 300 குழிகளைத் தோண்டிவிட்டே ஸல்மான் (ரலி) அவர்கள் பெருமானாரை அழைக்கச் சென்றார்கள்.

நாம் நட்டவற்றைக் காக்கும் பொறுமையையும், அவற்றின் கனியில் நமக்கும் நம் பெற்றோருக்கும் நிலையான நன்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.